எழுத உட்கார்ந்தால் கை நின்றுபோகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

காரைக்குடியில் டி.டி.பி. கடை வைத்திருப்பவனிடம் ஊரில் எழுதப்படுவதெல்லாம் என்றைக்காவது வந்து சேரும். மணிவிழா மலர், குடமுழுக்கு நோட்டீஸ், பழனி பாதயாத்திரைக் குறிப்பு, பேரன் பேத்திக்காக எழுதிய குடும்பக் கதை, யாருக்கும் காட்டாத கவிதை. தாளை நீட்டும்போதே பலரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்கு எழுத வராதுங்க. தப்பிருந்தா நீங்களே பாத்துத் திருத்திக்கிடுங்க." வாங்கிப் பார்த்தால் சிலருடையது நன்றாகவே இருக்கும். சிலரிடம் சரக்கு இருக்கும், தாளுக்கு வந்திருக்காது. இன்னும் சிலர் தாளே கொண்டுவருவதில்லை. "எழுதணும் எழுதணும்னு நெனைக்கிறேன்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

"எழுத வராது" என்பது ஒரே கோளாறு இல்லை. பல கோளாறுகளை எல்லோரும் அந்த ஒரே பெயரால் சொல்கிறார்கள். ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்தால் பயம் கூடத்தான் செய்யும். அதனால் முதலில் உங்களுடையது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சோதனை சுலபம். எழுத நினைத்ததை வீட்டில் யாரிடமாவது இரண்டு நிமிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். தடையில்லாமல் சொல்ல முடிந்தால் விஷயம் உங்களிடம் இருக்கிறது, கோளாறு எழுதும் முறையில். முதல் நான்கு அறிகுறிகளில் ஒன்றாக இருக்கும். சொல்லவே ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஐந்தாவதுக்குப் போங்கள். சொல்ல இருக்கிறது, ஆனால் இந்த ஆளிடம் சொல்லக் கூசுகிறது என்றால் ஆறாவது. எழுத ஆரம்பித்த பிறகு தடுமாறுகிறவர்கள் ஏழாவதிலிருந்து பாருங்கள். எதுவாக இருந்தாலும் இரண்டாவதை ஒருமுறை படித்துவிடுங்கள். மற்றவற்றில் பாதி அதிலிருந்து கிளம்புவதுதான்.

1. பிள்ளையார் சுழி போட்டாயிற்று, அதற்குமேல் பேனா நகரவில்லை

தொடக்கத்திலிருந்தே தொடங்கப் பார்க்கிறீர்கள், அதுதான் காரணம். குடும்பக் கதை எழுத உட்காருபவர் "எங்கள் பூர்வீகம் காவிரிப்பூம்பட்டினம்" என்று ஆரம்பிப்பார். அங்கிருந்து கிளம்பிப் பள்ளத்தூர் வந்து சேர்வதற்குள் யாருக்கும் மூச்சு வாங்கும். இரண்டாவது பத்தியிலேயே நோட்டு மூடிவிடும்.

நடுவிலிருந்து ஆரம்பியுங்கள். கைக்கு எட்டும் பொருள் ஒன்றை எடுத்து எதிரே வையுங்கள். இரண்டாங்கட்டுச் சாவிக்கொத்து, டிரங்குப் பெட்டி, மூலை மடிந்த போட்டோ, எதுவாகவும் இருக்கலாம். அது கடைசியாக யார் கையில் இருந்தது என்று எழுதுங்கள். கைபேசியில் பத்து நிமிட அலாரம் வைத்துக்கொண்டு, அடிக்கும்வரை பேனாவைத் தூக்காதீர்கள். எழுத ஒன்றும் தோன்றாவிட்டால் "ஒன்றும் தோன்றவில்லை" என்றே எழுதுங்கள். அதையே இரண்டு மூன்று தடவை எழுதினால் கைக்கே அலுத்துப்போய் வேறு ஏதாவது வந்து விழும்.

அப்படியும் நகரவில்லையென்றால் கடிதமாக எழுதுங்கள். "அன்புள்ள அயித்தைக்கு" என்று ஒரு முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதினால், எதை விளக்க வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது தானாகத் தெரியும். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்கள் இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. அவற்றை எழுதியவர்களுக்குத் தாங்கள் எழுத்தாளர்களா என்ற கவலையே இல்லை. வட்டி என்ன, விளைச்சல் எப்படி, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஆளுக்கு வேண்டியதை எழுதினார்கள். படிக்கும் நமக்கு அந்தக் காலமே அதில் கிடைக்கிறது.

2. ஒரு வரி எழுதுகிறேன், அடிக்கிறேன், திரும்ப எழுதுகிறேன், திரும்ப அடிக்கிறேன்

எழுதுவதும் திருத்துவதும் இரண்டு வேலை. ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யப் பார்ப்பதால்தான் இந்தக் கோளாறு.

நம் ஊர்க் கணக்கு முறை தெரிந்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். அன்றாட வரவு செலவை நடக்க நடக்கச் சிட்டையில் குறிப்பார்கள். கிறுக்கல், அடித்தல், ஓரத்தில் ஒரு கூட்டல் எல்லாம் அதில் இருக்கும். பிறகு உட்கார்ந்து நிதானமாக, ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிவார்கள். முடிவில் ஐந்தொகை. கல்லாவில் ஆள் நிற்கும்போது யாரும் நேராகப் பேரேட்டைத் திறந்து அழகாக எழுதிக்கொண்டிருப்பதில்லை. எழுத்தில் மட்டும் எல்லோரும் அதைத்தான் செய்யப் பார்க்கிறோம். அச்சில் வந்த புத்தகத்தையே படித்துப் பழகியதால், எழுதியவர் முதல் தடவையே இப்படி எழுதிவிட்டார் என்று நம்பிவிடுகிறோம். அவருடைய சிட்டையை நாம் பார்த்ததே இல்லை.

ஆகவே சிட்டைக்கென்று தனி நோட்டு வாங்குங்கள், விலை குறைந்ததாக. அட்டை தடித்த, பளபளப்பான நோட்டு வேண்டாம். அதில் எழுதவே பயமாக இருக்கும். பிறந்தநாளுக்கு வந்த தோல் அட்டை டைரிகள் காலியாகவே அலமாரியில் இருப்பதற்குக் காரணம் அதுதான். பென்சிலும் ரப்பரும் வேண்டாம், பேனாவால் எழுதுங்கள். ஒரு சொல் பிடிக்கவில்லையென்றால் அடிக்காமல் பக்கத்திலேயே இன்னொன்றையும் எழுதிவிட்டு மேலே போங்கள். பெயரோ வருஷமோ ஞாபகம் வராத இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு நகருங்கள். "அது எந்த வருஷம்?" என்று தேட எழுந்தால் அன்றைக்கு எழுத்து முடிந்தது.

கணினியில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை உண்டு. எழுதும்போதே சொல்லின் கீழே சிவப்புக் கோடு ஓடும். தமிழில் சரியாக எழுதிய சொல்லுக்கும் ஓடும். பிழைதிருத்தியை நிறுத்திவிட்டு எழுதுங்கள். அதுவும் போதவில்லையென்றால் திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தட்டுங்கள். என்ன எழுதினோம் என்று தெரியாவிட்டால் திருத்தவும் முடியாது. தட்டச்சு வேகமில்லாதவர்கள் இதைச் செய்ய வேண்டாம், கண்ராவியாகிவிடும்.

திருத்துவதை மறுநாளுக்கு வையுங்கள். அன்றைக்கே வேண்டாம். முதல்நாள் கேவலமாகத் தெரிந்த பக்கத்தில் மறுநாள் இரண்டு நல்ல வரி இருக்கும். முதல்நாள் பிரமாதமென்று நினைத்தது மறுநாள் சாதாரணமாகத் தெரியும், அதுவும் நல்லதுதான்.

3. பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்கிறார்கள், எழுதினால் செத்துப்போகிறது

இதுதான் அதிகம் வருவது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஓர் ஆச்சி தம் அப்பச்சியைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார்கள். முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "எனது அருமைத் தந்தையார் அவர்கள் பர்மா நாட்டில் பல இன்னல்களுக்கிடையே பொருளீட்டி, 1942-ஆம் ஆண்டில் ஏற்பட்ட போரின் காரணமாகத் தாயகம் திரும்பினார்கள்." தட்டிக்கொண்டே, "நடந்தா வந்தாக?" என்று கேட்டு வைத்தேன். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது பர்மாவிலிருந்து ஏராளமானவர்கள் காடும் மலையுமாக நடந்தே இந்தியா வந்த வருஷம் அது.

"ஆமாங்கிறேன். நடந்துதான் வந்தாக. முகப்புல வந்து நிக்கையில ஆத்தாவுக்கே அடையாளம் தெரியல. யாரோ பரதேசின்னு நெனச்சு, திண்ணையில இலையப் போடச் சொல்லிட்டாக. அப்பச்சி ஒண்ணும் பேசல. உக்காந்து சாப்பிட்டாக. மோர் ஊத்தயில, 'உப்பு பத்தல'ன்னு சொன்னாக பாருங்க, அந்தக் குரலக் கேட்டதும் ஆத்தா கையில இருந்த செம்பு கீழ விழுந்துருச்சு."

"இதை ஏன் ஆச்சி எழுதல?"

"போங்கிறேன். இதையெல்லாம் போயி எழுதுவாகளா?"

கோளாறு அங்கேதான் இருக்கிறது. வீட்டில் ஒரு தமிழ், மேடையில் ஒரு தமிழ் என்று வைத்திருக்கிறோம். எழுதுவதென்றால் மேடைத் தமிழ்தான் என்று பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டு பழக்கிவிட்டது. அந்தத் தமிழில் இலை உண்டு, மோர் உண்டு, ஆனால் "உப்பு பத்தல" இல்லை. பழக்கமில்லாத மொழியில் பேசச் சொன்னால் யாருக்குமே நா எழாது. அதைத்தான் "எனக்கு எழுத வராது" என்று நினைத்துக்கொள்கிறோம்.

செய்ய வேண்டியது: முதலில் சொல்லுங்கள், பிறகு எழுதுங்கள். கேட்க ஆள் இருந்தால் நல்லது, பேரப்பிள்ளை என்றால் இன்னும் நல்லது. குறுக்கே குறுக்கே "அப்புறம்?" என்று கேட்பார்கள். ஆள் இல்லையென்றால் கைபேசியில் பதிவு செய்யுங்கள். விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் அதுவே தமிழில் எழுதியும் தரும். நிறுத்தக் குறி சரியாக வராது, நம் பக்கத்து வழக்கைப் பல நேரம் தப்பாகப் பிடிக்கும், ஆட்பெயர்களைக் கொலை செய்யும். பரவாயில்லை, சிட்டைக்கு அது போதும்.

வாயால் சொல்லி எழுதுவது குறைச்சலான வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பாட்டை அவர் சொல்லிக்கொண்டே போவார், உதவியாளர் எழுதிக்கொள்வார். அப்படி எழுதிக்கொண்டவர்களில் ஒருவரான பஞ்சு அருணாசலமும் அதே ஊர்க்காரர்தான்.

சொன்னதைத் தாளுக்கு மாற்றும்போது ஒரே ஒரு விதி. வினைமுற்றின் வாலை மாற்றலாம், சொல்லை மாற்றக்கூடாது. "அப்பச்சி நடந்தே வந்தார்கள். முகப்பில் வந்து நின்றபோது ஆத்தாவுக்கே அடையாளம் தெரியவில்லை. யாரோ பரதேசி என்று நினைத்து, திண்ணையில் இலையைப் போடச் சொல்லிவிட்டார்கள்." வால்தான் மாறியிருக்கிறது, ஆள் அப்படியே இருக்கிறார். "பரதேசி"யை "வழிப்போக்கர்" என்று திருத்தினால் போயிற்று. பேச்சில் ஒருபோதும் வராத சொல் தாளில் வந்தால் அதன்மேல் சந்தேகப்படுங்கள். "இன்னல்", "பொருளீட்டி", "வருகை புரிந்தார்". "என்றால் அது மிகையாகாது" என்று வந்தால் என் விரல் என்னைக் கேட்காமலே அழிக்கும் விசைக்குப் போய்விடும்.

மேற்கோள் குறிக்குள் வருவதை மட்டும் பேசியபடியே விட்டுவிடுங்கள். "உப்பு பத்தல" என்பதை "உப்பு போதவில்லை" என்று எழுதினால் செம்பு கீழே விழாது.

4. ஒற்றுப் பிழை, ழகர ளகரப் பயம்

தமிழில் எழுதப் பயப்படும் படித்தவர்களில் கணிசமானவர்களுக்கு இதுதான் பயம். பத்தாம் வகுப்பு விடைத்தாளின் சிவப்பு மை இன்னும் காயவில்லை. சிட்டையில் பிழையைப் பற்றி நினைக்கவே கூடாது. பேரேட்டுக்கு வரும்போது பார்த்துக்கொள்ளலாம், அதற்கும் இலக்கண நூலை முழுக்கக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அடிக்கடி வரும் சிலவற்றைப் பிடித்தால் பெரும்பகுதி அடங்கிவிடும்.

அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி ஆகியவற்றின் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும்: அந்தப் பெட்டி, இப்படிச் சொன்னார். 'ஐ', 'கு' என்று முடியும் வேற்றுமைக்குப் பின்னும் மிகும்: கதவைத் திறந்தார், தேவகோட்டைக்குப் போனார். ஒரு, பல, சில, அது, இது ஆகியவற்றின் பின் மிகாது: பல பேர், அது போயிற்று. வந்த, போன போன்றவற்றின் பின்னும் மிகாது: வந்த பையன். "படித்துப் பார்" என்பதில் மிகும், "செய்து பார்" என்பதில் மிகாது. இவற்றை வாய்விட்டுச் சொன்னால் பெரும்பாலும் காதே காட்டிக்கொடுக்கும். நம் பக்கம் பேச்சில் ழகரம் ளகரமாகிவிடுவதால் அங்கே மட்டும் காதை நம்ப முடியாது, அகராதியைத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்கு எப்போதும் தடுமாறும் சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் திரும்பத் திரும்ப வருவது அதே கொஞ்சம் சொற்கள்தான்.

"எனக்குப் படிப்பு போதாது" என்பவர்களுக்கு ஒரு தகவல். மகிபாலன்பட்டிக் கதிரேசச் செட்டியார் திண்ணைப் பள்ளியில் படித்தது சில மாதம்தான். இளம்பிள்ளை வயதில் இலங்கைக்கு வியாபாரத்துக்கு அனுப்பப்பட்டவர். பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். நமக்குப் பண்டிதமணி.

தட்டச்சுத் தெரியாது என்பதெல்லாம் கோளாறில் சேராது. கையால் எழுதுங்கள். கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் 1999-ல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை நல்லது. உயிரெழுத்து இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ஒரே மெய்யை இரண்டு தடவை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும், ஒரே எழுத்து இரட்டித்து வரும் சொற்களில் பாதி வேலை மிச்சம்.

5. எழுத என்னிடம் என்ன இருக்கிறது?

ஆத்தங்குடியில் தரையில் பதிக்கும் பூக்கல் செய்கிற பட்டறையில் வேலை செய்யும் தம்பி ஒருவர் தம் தொழிலைப் பற்றி எழுத வேண்டும் என்று வந்தார். எழுதியிருந்தது: "ஆத்தங்குடிக் கற்கள் உலகப் புகழ் வாய்ந்தவை. இவை பாரம்பரியம் மிக்கவை." அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. "காலையில பட்டறைக்குப் போனதும் மொதல்ல கையில எதை எடுப்பீக?" என்று கேட்டேன். "கண்ணாடியத் தொடைப்பேண்ணே."

அங்கிருந்து அவருக்கு நிற்கவே இல்லை. கண்ணாடியில் ஒரு தூசி இருந்தாலும் கல்லில் தழும்பாக விழும். கண்ணாடிமேல் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வோர் அறையிலும் கலர் சிமெண்டுக் கரைசலைக் கரண்டியால் ஊற்ற வேண்டும், கை நடுங்கினால் பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிடும். அச்சை நேராகத் தூக்க வேண்டும். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்குமேல் கலவை வைத்து அமுக்கி மட்டம் பார்க்க வேண்டும். பிறகு காய்ச்சல், தண்ணீர்த் தொட்டி, மறுபடி வெயில். பூ இருக்கும் பக்கம் கண்ணாடியோடு ஒட்டிக் கீழே இருப்பதால், கண்ணாடி பிரிகிறவரை தான் செய்த பூவைத் தானே பார்க்க முடியாது. "பிரியும்போது ஒவ்வொரு தடவையும் படக்குனு இருக்கும்ணே" என்றார். இத்தனைக்கும் அவர் "எனக்கு எழுத ஒன்றும் இல்லை" என்று வந்தவர்.

இந்த அறிகுறியின் காரணம் பெரும்பாலும் பழக்கம். தினமும் செய்வது செய்தியாகத் தெரிவதில்லை. "பெருமை", "சிறப்பு", "பாரம்பரியம்" என்ற சொற்களைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் கை எதைத் தொடுகிறது, பிறகு எதை என்று வரிசையாக எழுதுங்கள். வேலைக்குப் போகாதவர்கள் வீட்டை எழுதலாம். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளை ஒவ்வொன்றாக: எந்தப் புள்ளிக்கு (தனிக் குடும்பத்துக்கு) எது, பூட்டு யாருடையது, உள்ளே என்ன இருந்தது, யார் எங்கே படுத்தார்கள், மழை பெய்தால் எந்த மூலையில் அண்டா வைப்பார்கள். வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்குப் போன ஒருவர் இதை எழுத உட்கார்ந்து, பட்டாலை என்ற முன்கூடத்தைத் தாண்டவே ஒரு நோட்டு ஆகிவிட்டது.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்ற கேள்வி வரும். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார், பெயர்ப் பலகை எழுதுகிற ஓவியர். புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், கடிதம் என்று மற்றவர்கள் தூக்கிப் போட்டதையும் சேர்த்து வைத்தார். 1992-ல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994-ல் அதை வைத்துச் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகமே உருவாயிற்று. உங்கள் வீட்டுச் சாமான் பட்டியல் யாருக்கு வேண்டும் என்று இன்றைக்கு நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை.

6. படித்தால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ

இந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். நியாயமான பயம். பாகப்பிரிவினையில் யார் பங்கு குறைந்தது, சுவீகாரம் ஏன் நின்றுபோயிற்று, பெரியவர் ஏன் மலாயாவிலிருந்து திரும்பவே இல்லை. இதையெல்லாம் எழுதினால் அடுத்த கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்காது.

ஆனால் பயம் வர வேண்டிய இடம் வேறு. எழுதும்போது அல்ல, கொடுக்கும்போது. சிட்டையில் எல்லாவற்றையும் எழுதுங்கள், வசவு உட்பட. அந்த நோட்டைப் பூட்டி வையுங்கள். எழுதுவதற்கு முன்பே எதை மறைப்பது என்று யோசித்தால், மறைக்க வேண்டியதோடு நல்லதும் சேர்ந்து உள்ளேயே நின்றுவிடும். வெளியே கொடுக்கும் வேளை வந்தால் ஒவ்வொரு பக்கமாகப் பாருங்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றியது என்றால் அவரிடமே காட்டிக் கேளுங்கள், ஆச்சரியமாகப் பலர் "இருந்துட்டுப் போகட்டும்" என்பார்கள். பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நம்ப வேண்டாம். நம் பக்கத்தில் ஊரையும் கோயிலையும் சொன்னாலே விலாசம் வரைக்கும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் படிக்கக் கொடுக்கும் ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். தமிழ் வாத்தியார் வேண்டாம், வீட்டு ஆளும் வேண்டாம். "எங்கே அலுப்புத் தட்டியது, எங்கே புரியவில்லை, இரண்டை மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுக் கொடுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்றுதான் வரும், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

அண்மையில் நடந்த சாவைப் பற்றி எழுதப் போய்க் கை நடுங்குகிறது என்றால் அது எழுத்துப் பயம் இல்லை. நோட்டை மூடி வையுங்கள். அவசரமில்லை.

7. நன்றாக ஆரம்பித்தது, பாதியில் நின்றுபோயிற்று

நேரமில்லை என்பது பெரும்பாலும் காரணமில்லை. ராயவரத்து அழ. வள்ளியப்பா வங்கி வேலை பார்த்துக்கொண்டேதான் குழந்தைகளுக்கு அத்தனை பாட்டு எழுதினார். முடித்த இடத்தில் நிறுத்தினால் மறுநாள் புதிதாகக் கிளம்ப வேண்டியிருக்கிறது, சிக்கல் அங்கே. அடுத்த வரி தெரிந்திருக்கும்போதே, வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்துங்கள். மறுநாள் உட்கார்ந்ததும் அதை முடிக்கக் கை தானே போகும்.

கெடு வேண்டுமென்றால் நம்மிடமே ஒன்று இருக்கிறது. திருக்கார்த்திகையிலிருந்து பிள்ளையார் நோன்பு வரை 21 நாள். தினம் ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டு, நோன்பு முடிவில் இழை எடுக்கும் அன்றைக்கு நிறுத்தலாம். ஒருநாள் விட்டுப்போனால் அடுத்த நாள் இரண்டு பக்கம் எழுதி ஈடுகட்டாதீர்கள். கடன் ஏறினால் நோட்டைப் பார்க்கவே பிடிக்காது.

8. எழுத வருகிறது, ஆனால் சந்தோஷமே இல்லை

இது பயம் போன பிறகு வருவது. பலர் இதைச் சொல்வதில்லை, வெறுமனே விட்டுவிடுவார்கள். எழுதுவது கடமையாகிவிட்டது, அவ்வளவுதான்.

சந்தோஷம் எங்கே வருகிறது என்று கவனித்திருக்கிறேன். முடித்த பிறகு பாராட்டில் வருவது குறைவு. எழுதிக்கொண்டிருக்கும்போது, தனக்கே தெரியாமல் இருந்த ஒன்று வந்து விழும் நேரத்தில்தான் முகம் மாறும். சமையல் குறிப்பு கொண்டுவந்த ஓர் ஆச்சி வெண்டைக்காய் மண்டிக்கு "புளி தேவையான அளவு" என்று எழுதியிருந்தார்கள். தேவையான அளவு என்றால் எவ்வளவு என்று கேட்டதும், கண்ணை மூடிக்கொண்டு விரலைக் குவித்தார்கள். "கொட்டப்பாக்கு அளவு. இல்ல, அதவிடச் சின்னது. ஏன்னா அரிசி களைஞ்ச தண்ணியே ஒரு புளிப்பு இருக்கும்ல. மொதத் தண்ணிய ஊத்திப்புட்டு ரெண்டாவதுதான் எடுக்கணும்." பேசிக்கொண்டே வந்தவர்கள் சட்டென்று சிரித்தார்கள். "மாமியா புளிய ஜாடியில போட்டு மாடிப்படிக்கு அடியில வச்சிருப்பாக. நான் எடுத்தா தெரியணும்னு மேல ஒரு கல்லு உப்பு வச்சிருப்பாக. மறந்தே போச்சு பாருங்க." குறிப்பு பக்கத்தில் கிடந்தது. பேனாவை வாங்கி அந்தக் கல் உப்பை முதலில் எழுதிக்கொண்டார்கள்.

சந்தோஷம் இல்லையென்றால் நீங்கள் தெரிந்ததை மட்டுமே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். "தேவையான அளவு", "வழக்கம்போல", "எல்லோரும்", "அந்தக் காலத்தில்" என்று வரும் இடங்களையெல்லாம் வட்டம் போடுங்கள். ஒவ்வொன்றிலும் நின்று, எவ்வளவு, எப்போது, யார், எந்த வருஷம் என்று கேளுங்கள். மறந்தது அந்த இடங்களுக்கு அடியில்தான் இருக்கும். எழுதியதை வாய்விட்டுப் படியுங்கள், சத்தமாக. எங்கே உங்களுக்கே சிரிப்பு வருகிறதோ, குரல் மாறுகிறதோ, அந்த வரியிலிருந்து அடுத்த நாள் ஆரம்பியுங்கள். மற்றதை விட்டுத் தள்ளலாம்.

அச்சில் வர வேண்டும் என்ற ஆசையால் சந்தோஷம் போனவர்களும் உண்டு. அவர்கள் கொஞ்ச நாள் வெறும் பட்டியல் எழுதட்டும்: தெருவில் இருந்த கடைகள், செத்துப்போன வேலைக்காரர்களின் பெயர்கள், மகர்நோன்புப் பொட்டலில் பார்த்தவை. பட்டியலை யாரும் பாராட்ட மாட்டார்கள், அதனால் நிம்மதியாக எழுதலாம்.

9. எழுதி முடித்தாயிற்று, கொடுக்கத்தான் மனம் வரவில்லை

இன்னும் ஒருமுறை திருத்தினால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலும் நல்ல வரிகள்தான் அடிபடுகின்றன, முதல் படியையும் கடைசிப் படியையும் சேர்த்துக் கொண்டுவருகிறவர்களிடம் பார்த்திருக்கிறேன். ஒரு தேதி வைத்து, அன்றைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள். அச்சடிக்க வேண்டும் என்றில்லை. நாலு ஜெராக்ஸ் எடுத்து உடன்பிறந்தவர்களுக்கு அனுப்பினாலும் கொடுத்ததுதான்.

கடைக்குக் கொண்டுவருவதாக இருந்தால் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுங்கள். மூலையில் பக்க எண் போடுங்கள். ஆட்பெயர், ஊர்ப்பெயர் வரும் இடங்களை எழுத்து எழுத்தாகப் பிரித்து எழுதுங்கள். மூலத்தை வீட்டில் வைத்துவிட்டு நகலைக் கொண்டுவாருங்கள், இங்கே டீ கொட்டும்.